நடக்காதது பற்றிய படிவம்

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்.
காலை பத்து மணி வரை சூரியன் வேலைக்கு வராத ஊர்.
ஜலசந்தியில் கிளம்பிய காற்று
மூன்றாம் மாடிச் சன்னலைத் தட்டிக்கொண்டே இருக்கிறது,
பார்வை நேரம் முடிந்தபின் வந்த
உறவுக்காரனைப் போல.

இரண்டு மணி. புரட்டும் நேரம்.
முதல் கட்டிலில் தோன்யா எதெல்மிரா.
எலும்புக்கும் விரிப்புக்கும் நடுவே
வெங்காயச் சருகாக ஒரு தோல்.
எலிசேயோ தோள் பக்கம், நான் இடுப்புப் பக்கம்.
ஒன்று, இரண்டு, மூன்று என
அவளுக்கும் கேட்கும்படி எண்ணுகிறோம்.
சொல்லாமல் புரட்டினால்
படகிலிருந்து விழுகிற கனவு வருகிறதாம்.
வால் எலும்பின் மேல் ஒரு சிவப்பு.
விரல் வைத்து அழுத்துகிறேன்.
வெளுக்கிறது.
விரலை எடுத்ததும் மெல்லச் சிவக்கிறது.
ரத்தம் இன்னும் அந்த வழியாகப் போய்வருகிறது.

முழங்கால்களுக்கிடையே தலையணை.
குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில்.
காய்ந்த உதட்டுக்கு ஈரப் பஞ்சு.
கட்டிலைத் தாழ்த்திச் சக்கரத்தைப் பூட்டி,
மூக்குக்கண்ணாடியும் அழைப்பு மணியும்
கைக்கு எட்டுகிறதா என்று
அவள் கையைக்கொண்டே தொட்டுப் பார்த்தேன்.
நாளை மகன் வந்து கேட்பான்:
"ராத்திரி ஒன்றும் விசேஷமில்லையே?"
ஒன்றுமில்லை என்பேன்.

ஏழாம் கட்டிலில் ஒரு ஒயார்சூன்.
ஒன்பதிலும் ஒயார்சூன்.
இந்தத் தென்கோடியில் கல்லெறிந்தால்
ஏதாவது ஒரு ஒயார்சூன் வீட்டுத் தகரத்தில்தான் விழும்.
ஏழு, பவுதிஸ்தா: நாற்பது வருடம் ஆட்டு ரோமம் கத்தரித்தவர்;
விடிந்தால் அறுவைச் சிகிச்சை, வெறும் வயிறு.
ஒன்பது, பவுதீலியோ: நண்டுப் படகு, சர்க்கரை.
குறட்டை மட்டும் இருவருக்கும் ஒரே சுருதி.

ஆறே முக்கால்.
ஒன்பதுக்கான இன்சுலினைச் சிரிஞ்சில் இழுத்தேன், பத்து யூனிட்.
அந்நேரம் மூன்றில் மணி.
யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள், கையில், தலையணையில்.
துடைத்தேன், விரிப்பை மாற்றினேன், கை கழுவினேன்.
திரும்பி வந்து தட்டிலிருந்ததை எடுத்துக்கொண்டு
நின்றேன்,
ஏழின் பக்கத்தில்.

"தோன் ஒயார்சூன்தானே?" என்றேன்.
"ஆமாம்" என்றார்.
அரைத் தூக்கத்தில் மனிதர்கள் எதற்கும் ஆமாம் என்பார்கள்.
சட்டையை விலக்கினேன்.
ஊசியின் மூடி என் விரல்களுக்கிடையில்.
அவர் கண்ணைத் திறக்காமலே
இடது கையை நீட்டினார்.
"மணிக்கட்டைப் படிக்கவில்லையே, யஸ்னா.
காதில் அடையாளம் பார்க்காமல்
நாங்கள் ஆட்டைக்கூடத் தொடமாட்டோம்."

படித்தேன்.
வளையத்தில் இருந்த பெயரை ஒருமுறை,
அப்புறம் எழுத்தெழுத்தாக இன்னொரு முறை.
சிரிஞ்சைக் கூர்ப்பெட்டியில் போட்டேன்.
புதிதாக இழுத்து, எலிசேயோவை அழைத்துக் காட்டி,
ஒன்பதுக்குப் போனேன்.
கால் என்னுடையதாக இல்லை.

யாரும் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான்.
எலிசேயோ பார்த்தான்;
பார்க்காதவன்போலக் குப்பைப் பையைக் கட்டினான்,
கட்டியதையே மறுபடி கட்டினான்.

படிவத்தில் ஒரு கட்டம்:
நோயாளிக்கு ஏற்பட்ட பாதிப்பு.
"இல்லை."
அடுத்த கட்டம்: காரணம்.
"என் கவனக்குறைவு" என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் மிர்தா அதை அடிக்கச் சொன்னாள்.
"உன்னைத் திட்டிக்கொள்ள வீட்டில் போதிய நேரம் இருக்கிறது.
இங்கே உண்மையை எழுது."
எழுதினேன்:
பக்கத்துப் பக்கத்தில் ஒரே குடும்பப் பெயர்.
சிரிஞ்சில் சீட்டு இல்லை.
இருபத்து மூன்று பேருக்கு இரண்டு பேர்.
பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்டேன்.

எட்டரைக்கு வெளியே வந்தால் இன்னும் இருட்டு.
காற்று நாட்களில் தெருமுனையில் கட்டும் கயிற்றை
எல்லோரையும் போல நானும் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
கையுறைக்குள்
கட்டைவிரல் எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் கட்டிலை வார்டின் மறுமூலைக்கு மாற்றிவிட்டார்கள்.
தோன் பவுதிஸ்தா பித்தப்பை இல்லாமல் நலம்.
தேநீர் கொண்டுவருகிற பையனிடமும்
முதலில் மணிக்கட்டை நீட்டுகிறார்.
அவன் படித்து முடிக்கும் வரை
கோப்பையைத் தொடுவதில்லை.