கட்டை தூக்கியிருந்தது

வெள்ளிக்கிழமை இரவே டென்ட்டை
ஹாலில் விரித்து எண்ணிப் பார்த்தாயிற்று.
கம்பி ஆறு, முளை பதினொன்று.
அட்டையில் பன்னிரண்டு என்று போட்டிருக்கிறது.
காணாத ஒன்றுக்காக சோபாவைப் புரட்டினோம்.
போன ஆயுத பூஜைக்குத் தொலைந்த
சைக்கிள் சாவி கிடைத்தது.

வானிலைக்காரர்கள் மாவட்டத்துக்கு
ஆரஞ்சு பூசியிருந்தார்கள்.
"ஆரஞ்சுதானே, சிவப்பில்லையே" என்றான் சர்வேஷ்.
சிக்னல் பாடம் படித்த பிள்ளை.
மதிவதனி வாய் திறக்கவில்லை.
மூன்றாம் தடவையாக டார்ச்சுக்கு பேட்டரி மாற்றினாள்.

ஏற்காட்டு எஸ்டேட் பெலிக்ஸுக்கு
ஸ்பீக்கரில் போன் போட்டார் குணசீலன்.
"லேசாத் தூறுதுங்க சார், தைரியமா வாங்க.
சில்வர் ஓக் நடுவுல எடம் சுத்தம் பண்ணி வெச்சிருக்கு."
அந்தக் குரலுக்குப் பின்னால்
தகரக் கூரைமேல் யாரோ
மூட்டை மூட்டையாகப் புளியங்கொட்டை கொட்டிக்கொண்டிருந்தார்கள்.
நால்வரும் கேட்டோம்.
நால்வரும் கேட்காததுபோல் இருந்தோம்.
முன்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
திரும்பி வராது.

இந்த வீட்டில் 'வேண்டாம்' என்பது என் வேலை.
இரண்டாவது ஐஸ்கிரீம் வேண்டாம்,
மச்சான் சொன்ன சீட்டு வேண்டாம்,
மொட்டைமாடியில் பட்டம் வேண்டாம்.
படுக்கப் போகுமுன் கேஸை மூடுவதுபோல
கடைசியில் நான்தான் போய்த் திருகவேண்டும்.
இந்த முறை திருகுவதாயில்லை.
புளிச்சாதம் கட்டினேன்.
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய தார்ப்பாயை மடித்து வைத்தேன்.
"நீ என்ன சொல்றே?"
"உங்க இஷ்டம்."
பதின்மூன்று வருஷம் கேட்டவருக்கு
அந்த இரண்டு சொல்லின் எடை தெரியும்.

காலையில் அஸ்தம்பட்டியில் வெயில்.
கோரிமேடு தாண்டினால் சேர்வராயனைக் காணோம்.
மலை இருக்கவேண்டிய இடத்தில்
நனைந்த கம்பளி ஒன்று தொங்கியது.

செக்போஸ்ட்டை மூடியிருப்பார்கள் என்று
நம்பித்தான் வந்திருக்கிறோம் என்பது
அடிவாரம் சேர்ந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.
கட்டை தூக்கியிருந்தது.
தொப்பிக்கு பாலித்தீன் உறை போட்ட காவலர்
"பிளாஸ்டிக் பாட்டில் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.
இல்லை என்றோம்.
போகலாம் என்று கையாட்டினார்.
அவ்வளவு சுலபமாக.

ஓரங்கட்டி டீ குடித்தோம்.
மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது,
சக்கரத்திலிருந்து ஜன்னல்வரை செம்மண்.
டிரைவர் இறங்கி முகம் கழுவினார்,
கை கழுவினார்,
மறுபடி முகம் கழுவினார்.
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

சாவியைச் செருகி, திருப்பாமல்,
குணசீலன் சொன்னார்:
"எனக்குப் பயமாயிருக்கு."
பிள்ளைகளை வைத்துக்கொண்டு.
வைப்பர் ஓடாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.
அப்பாவுக்கும் பயம் வரும் என்கிற செய்தி
பின்சீட்டுக்குப் போய்ச்சேரக் கொஞ்ச நேரமானது.
சர்வேஷ் அழுதான்.
மதிவதனி டார்ச்சை ஒருமுறை போட்டு அணைத்தாள்.
அவர் கையை நான் பிடிக்கவில்லை.
ரிவர்ஸ் கியர் போட
அந்தக் கை தேவைப்பட்டது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு புங்கமரத்தடியில்
கதவைத் திறந்துவைத்துப் புளிச்சாதம் தின்றோம்.
தொட்டுக்கொள்ள சிப்ஸ்.
அங்கே மழையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.
மண் சரியவில்லை. மரம் விழவில்லை.
ஏரியில் படகு விடவில்லையாம், அவ்வளவுதான்.
"போயிருக்கலாம்" என்றான் சர்வேஷ்.
திங்கட்கிழமை யூனிபார்ம் மாட்டும்போதும் சொன்னான்.
போயிருக்கலாம்.
எங்கள் பக்கம் சாட்சி சொல்ல
ஒரு பாறைகூட உருளவில்லை.

டென்ட் இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறது.
நாலு ரோட்டு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது
பதினொரு முளையும் கிணுகிணுக்கும்.
யாராவது ஒருவர் அப்போது வடக்கே பார்ப்போம்.
வெயிலில் மலை நிற்கும்,
எண்ணிவிடலாம்போல
எல்லா வளைவோடும்.