லோல்

பகாவ் அரசாங்கக் கிளினிக்,
மருந்து முகப்பு மூன்று.
எண்ணை மலாயில் கூப்பிடுகிறது இயந்திரம்.
செம்பனை ஆலையின் வாடை
சீட்டு வாங்காமலே உள்ளே வந்துவிடும்.

அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல், பைசோப்ரோலோல்.
ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல
பெயர்கள் ஒரே மாதிரி முடிகின்றன.
"லோல் பட்டவனுக்கு லோல்தானே குடுப்பீங்க"
என்றார் குலை லோரி ஓட்டும் சந்தனசாமி.
சிரித்துக்கொண்டே அவர் நாடியைப் பிடித்தேன்.
ஐம்பத்தெட்டு.
ஐம்பதுக்குக் கீழே இறங்கினால்
அடுத்த மாத்திரைக்கு முன் இங்கே வாங்க என்றேன்.
"ராத்திரி கண்டபடி கனவு வருது, அதுக்கு?"
என்ன கனவென்று கேட்கவில்லை.
பின்னால் நாற்பது பேர்.

எது செய்கிறது இந்த வேலையை என்று கேட்பவர்களுக்கு
ஜாகாவைச் சொல்வேன்.
பதறினால், பயந்தால்
உடம்புக்குள் ஒரு நீர் ஓடிவந்து
இதயத்தின் கேட்டைத் தட்டும்.
கேட்டில் இவன் உட்கார்ந்திருப்பான்,
நாற்காலியை நகர்த்தாமல்.

சில ஜாகாக்கள் இதயத்தோடு சரி.
ப்ரோப்ரனோலோல் அப்படியில்லை,
மூச்சுப் போகும் சந்தையும் பூட்டும்.
உறுமி வாசிக்கும் மோகனேஸ்
கை நடுக்கத்துக்கு அதன் சீட்டோடு வந்தான்.
சட்டைப் பையில் நீல இன்ஹேலர் புடைத்திருந்தது.
டாக்டருக்குப் போன் போட்டேன்.
சீட்டு கிழிந்தது.
"அப்போ திருவிழாவுக்கு என் கை?"
பதில் தெரியாமல் அடுத்த எண்ணை அழுத்தினேன்.

அதே மாத்திரைதான்
தைராய்டு மிஞ்சிப்போன கோமளேஸ்வரியின்
வளையல் சத்தத்தை இரண்டு வாரத்தில் அடக்கியது.
கண்ணில் விடும் டிமோலோல் சொட்டுக்குக்கூட
மூக்கோரம் அழுத்திக்கொள்ளச் சொல்கிறோம்,
ஒரு துளியும் வழி தவறி
இதயத்துக்குப் போய்விடும் என்பதால்.
ஏழு மாத வயிற்றோடு வரும் டீச்சருக்கு லாபெட்டலோல்.
சர்க்கரைக்காரர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்துவேன்:
சர்க்கரை இறங்கினால் இனிமேல் படபடக்காது,
வேர்க்கும்.
வேர்வையை நம்புங்க.

நேற்று துளசிமணி வந்தார்
ஒரு மைலோ டின்னோடு.
புருசன் அரிகிருஷ்ணனின் மிச்ச மெட்டோப்ரோலோல்.
இரண்டு வருசம் முன்னால் நெஞ்சடைப்பு,
காலை ஒன்று, மாலை ஒன்று.
யாரும் எண்ணச் சொல்லவில்லை.
எண்ணினேன்.
வாங்கிய தேதிக்கும் இறந்த தேதிக்கும்
இருபதுதான் மிச்சம் இருக்கவேண்டும்.
நாற்பத்தெட்டு இருந்தது.

பதினான்கு நாள்.
வலியில்லை, அப்புறம் எதுக்கு என்றிருப்பார்.
ஜாகா காவல் இருந்த காலமெல்லாம்
உடம்பு சும்மா இருக்கவில்லை,
புதுப்புது வாசல் வெட்டிக்கொண்டிருந்தது.
கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பவேண்டியவனை
ஒரே நாளில் அனுப்பிவிட்டார்.
எல்லா வாசலிலும் ஒன்றாக ஆள் ஏறியது.

"வேற யாருக்காச்சும் ஆகுமா இது?
வீணாப் போவுதே."
ஆகாதும்மா.
"எத்தனை இருந்துச்சு?"

அழிப்புப் பதிவேட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதிவிட்டு
கொஞ்சம்தான் என்றேன்.

தலையாட்டினார்.
டின்னை மட்டும் திருப்பிக் கேட்டார்,
மூடி நல்லா இறுகும்,
எறும்பு ஏறாது என்று.