வெற்றுச் சோதனை

அறிவியல் நகரில் காலை ஏழரை.
சந்தியில் பஸ் இறக்கிவிட்ட புழுதி
செருப்பை விட்டுப் போகுமுன்
நீர்த்தொட்டியின் ஆளியைப் போட்டுவிடவேண்டும்.
அறுபது பாகைக்கு ஏற அதற்கு நாற்பது நிமிடம்.

பேணியில் எழுதியிருக்கிறது:
ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு.
நூறு கிராமில் நார் மூன்று தசம் ஆறு.
அதை நான் நம்பவும் கூடாது, சந்தேகிக்கவும் கூடாது.
முதலில் என் முறையைத்தான் சந்தேகிக்கவேண்டும்.
ஏழு நாள். நாளுக்கு ஆறு முகவை.
அவற்றில் இரண்டில் பால்மாவே இல்லை,
வெறும் நொதியமும் நீரும்.
இல்லாததை நிறுக்கத் தெரியாதவள்
இருப்பதை நிறுக்கக்கூடாது என்பது விதி.

மாப்பொருளை ஒரு நொதியம் தின்னும்,
புரதத்தை இன்னொன்று.
ஒரு சிசுவின் வயிறு இரவெல்லாம் செய்வதைக்
கண்ணாடிக்குள் செய்துபார்க்கிறேன், அழுகை இல்லாமல்.
கடைசியில் நாலு மடங்கு எதனோல்.
தெளிந்த திரவம் மெல்லக் கலங்கி
ஏதோ கீழிறங்கும்,
எவராலும் செரிக்கமுடியாதது.
சில இறங்காது. மிகச் சிறிய சங்கிலிகள்
வடியின் கண்ணுக்குத் தப்பி ஓடிவிடும்.
அவற்றைப் பிடிக்கும் கருவி பேராதனையில் இருக்கிறது.
வடிந்ததைக் குப்பியில் அடைத்து ஐஸ்பெட்டியில் வைத்து
வியாழக்கிழமை பஸ்ஸில் அனுப்புவோம்.

மூன்றாம் நாள் வெற்று முகவை நிறுத்தது
ஒன்பது மில்லிகிராம்.
முதல் நாள் மூன்று, மறுநாள் ஐந்து.
ஒரேயளவாய்ப் பொய் சொன்னால் கழித்துவிடலாம்.
இது நாளுக்கொரு பொய்.

எதனோலை மாற்றினேன்.
புடக்குகைகளை மறுபடி சுட்டேன்.
தராசின் மட்டக்குமிழி நடுவில்தான் நின்றது.
நியம விலகலை யசோதினி கையாலும் கணித்தாள்,
கணினி பிழைவிடும் என்பதுபோல.
கஜமுகன்தான் தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்கி
அடியைக் காட்டினான். வெள்ளையாய்ப் படிந்த சுண்ணாம்பு.
"மிஸ், இந்தத் தண்ணிதானே அதுக்குள்ளயும் போகுது?"
அயன்நீக்கியின் குழல்
பங்குனியோடு காலாவதி ஆகியிருந்தது.
கிளிநொச்சிக் கிணற்றுக் கல்லை
குழந்தையின் பாலுக்குள்
நார் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

புதுக் குழல் வர இருபத்தாறு நாள்,
மூன்று கையொப்பம், இரண்டு தொலைபேசிச் சண்டை.
பிறகு வெற்று முகவை ஒன்று தசம் இரண்டில் நின்றது,
கரண்ட் போய்ச் சூளை குளிர்ந்த அந்தச் செவ்வாயைத் தவிர.
செவ்வாயை மீண்டும் செய்தோம்.
தெரிந்த அளவு நாரை நாங்களே சேர்த்து
நாங்களே தேடினோம்.
நூறு போட்டதில் தொண்ணூற்றேழு திரும்பி வந்தது.
ஏற்கத்தக்கது.
வராத மூன்றைப் பற்றி
படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

படிவத்தின் கடைசிப் பெட்டி:
மிகுதி மாதிரி, அழிக்கவும்.
நாலு பேணி. ஒன்று திறக்கவேயில்லை.
கஜமுகன் அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்துக்
கழிவுக்குழி வரைக்கும் போனான்.
திரும்பி வந்தான். பிறகும் போனான்.
ஒன்பது வயதில், மாத்தளனில்,
தம்பிக்காகப் பால்மா வரிசையில் நின்றவன்.
அதற்குமேல் அவன் சொன்னதில்லை,
நாங்கள் கேட்டதும் இல்லை.
"கொட்டியாச்சா?"
"ஓம் மிஸ்."
கையொப்பம் வைத்தேன், திகதி போட்டேன்.

மறுநாள் பின்சுவர் ஓரமாய்
பாலை மரத்தடியிலிருந்து,
கழிவுக்குழிக்கு நேரெதிர்த் திசையில்,
எறும்புகள் வரிசையாய் வந்துகொண்டிருந்தன.
ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளை.
ஒன்றையொன்று தள்ளவில்லை.
மூன்று பேணிக்கான எறும்புகள்.
நாலாவதை நான் தேடவில்லை.
யசோதினிக்கு எட்டு மாதத்தில் ஒரு மகன்,
கஜமுகனின் வீட்டு வேலியோடு அவள் வீடு.

அறிக்கையில் பிழைமூலங்கள் என்றொரு பகுதி உண்டு.
அதில் தண்ணீரை மட்டும் எழுதினேன்.