பெருக்கல் குறி

வெள்ளிக்கிழமை. விடிந்து அரை மணி.
மங்காஃப் பள்ளி நீச்சல்குளத்தில்
ஃபஹாஹீல் மீன்சந்தை லாரி ஒன்று
ஐஸ் பாளங்களைச் சரிக்கிறது.
தண்ணீர் முப்பத்திரண்டுக்கு இறங்கினால்தான்
விசிலை வாயில் வைப்பேன் என்கிறார் ரெஃப்ரி ஹானி.
குளம் முழுக்க லேசாகச் சுபைதி மீன் வாடை.
பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

லீவு கிடைக்காதவர்கள்,
டிக்கெட் விலையைப் பார்த்து லேப்டாப்பை மூடியவர்கள்
எல்லாரும் இன்று நடுவர்கள்.
வெள்ளைச் சட்டை இருந்தால் போதும், தகுதி.
கேட்டரிங் சூப்பர்வைசர் சவரிராயனுக்கு ஸ்டாப்வாட்ச்.
பல் டாக்டருக்கு மைக்.
எனக்கு ஒரு அட்டை, ஒரு பென்சில்,
ஐந்தாம் தடத்தைப் பார்த்து நிற்க ஒரு சதுர அடி.
சொந்தப் பிள்ளையின் தடம் வேண்டாமே என்றேன்.
ஆள் இல்லை என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார் ஹானி.

வேலை சின்னது.
வருகிற கை சுவரைத் தொடும் முன்
போகிற கால் மேடையை விட்டதா?
விட்டிருந்தால் அட்டையில் ஒரு பெருக்கல் குறி.
கையைத் தூக்கக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது.
எதிர்ப்பக்கம் இன்னொருவர் இதையே பார்ப்பார்.
இரண்டு அட்டையிலும் குறி விழுந்தால்தான் குற்றம்.

கயிற்றுக்கு அப்பால் அம்மாக்கள்
நாலைந்து மொழிகளில் ஒரே வினைச்சொல்லைக் கத்துகிறார்கள்: போ.
கரையோடு ஓடிய ஒரு அப்பா
வழுக்கி, செருப்பை மட்டும் தண்ணீருக்குக் கொடுத்தார்.

மூன்றாவது கை மாற்றம்.
ருக்சானா வருகிறாள், கடைசி ஐந்து மீட்டர், மூச்சு முட்டி.
மேடையில் என் மகள் ஆதிரை.
கால் கட்டைவிரல் விளிம்பைக் கவ்வியிருக்கிறது.
அந்த விரலுக்கு நேற்றிரவு நான்தான் நகம் வெட்டினேன்.

பறந்துவிட்டாள்.
ருக்சானாவின் விரலுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு சாண் தண்ணீர் இருந்தது.
ஒரு சாண்.

பென்சில் தானாகவே இரண்டு கோடு போட்டது
என்று சொன்னால் பொய்.
முதல் கோட்டுக்குப் பிறகு கொஞ்சம் நின்றேன்.

எதிர்ப்பக்கம் கோகிலவாணி.
மட்டக்களப்புக்காரர், ஆஸ்பத்திரி லேபில் வேலை.
நான்காம் தடத்துத் துவாரகா அவர் மகள்.
எங்கள் அணி விழுந்தால் அவர்கள் முதல்.

ஹானி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
ஒன்றில் குறி. ஒன்று வெறுமை.
சேர்த்துக் கிழித்து ஐஸ் உருகிய வாளியில் போட்டார்.
பல் டாக்டர் எங்கள் பள்ளியின் பெயரைத் தப்பாகச் சொன்னார்.
ஆதிரை பதக்கத்தைக் கடித்துப் பார்த்தாள்.

பார்க்கிங்.
எட்டு மணிக்கே ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை.
கோகிலவாணி ஈரத் துவாலையை அதன்மேல் விரித்துக்கொண்டிருந்தார்.
பின்சீட்டில் துவாரகா, கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுகை.
“அக்கா, அஞ்சாம் லேன்... நீங்க பாக்கலையா?”
“கண்ணுக்க வெயில் அடிச்சது தம்பி. ஒண்டும் தெரியேல்ல.”

தலையாட்டினேன்.
இரண்டாவது ரவுண்டானா தாண்டிய பின்தான்
அவருடைய நிழல் ஞாபகம் வந்தது.
குளத்தின் குறுக்கே நீண்டு
என் காலடி வரை கிடந்த நிழல்.
வெயில் அடித்தது என் கண்ணில்.

“அப்பா, நான் குதிச்சது கரெக்டா?”
பின்னாலிருந்து கேட்கிறாள் ஆதிரை.

மனாகீஷ் வாங்கலாமா என்று கேட்டேன்.
ஜீப்னா போட்டதா, ஸாத்தரா.