கடவுச்சொல்

தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்தான்.
கட்டுரை வாசிக்கும் நேரத்தில்
அரங்கில் இணையம் கிடையாது.
ஏழுக்கு நான்கு என்று நிறைவேறியது.
எதிர்த்த நால்வரில் ஒருவர்
ஒரு கையைத் தூக்கியபடியே
மறுகையால் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஊட்டியில் பேசியது
என் வயிற்றில் இன்னும் கிடந்தது.
ஊற்றுக்கண்கள் வற்றுவது பற்றி
இருபது நிமிடம்.
எதிரே அறுபது தலைகள்,
இழவு வீட்டில்போல
அத்தனையும் கவிழ்ந்து.
ஒரே ஒருவர் சிரித்தார்.
சிரிக்கும்படி நான் எதுவும் சொல்லவில்லை.

எனவே கோத்தகிரியில், கார்த்திகை முதல் வாரம்,
நீரூற்றுக் கருத்தரங்கின் இரண்டாம் நாள்,
சிவநஞ்சனிடம் சொன்னேன்: அணைத்துவிடு.
அவன் ரௌட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"உள்ள டவரும் எடுக்காது சார்.
ரெண்டடி கல்லுச் சுவரு."
அதுதான் வேண்டும் என்றேன்.

பச்சை விளக்கு போனது.
சிலர் போனை உயர்த்திப் பிடித்தார்கள்,
ஒழுகும் கூரைக்குக் கிண்ணம் ஏந்துவதுபோல.
பிறகு ஒவ்வொன்றாக
முகங்கள் மேலே வந்தன.
யாருக்கு நரை, யாருக்குப் புது மூக்குக்கண்ணாடி,
யார் கொட்டாவியை ஸ்வெட்டர் கைக்குள் விடுகிறார்கள்
எல்லாம் தெரிந்தது.
சன்னலுக்கு வெளியே மூடுபனி
தேயிலையை வரிசை வரிசையாக
அழித்துக்கொண்டு வந்தது.

மேடையில் குமுதவல்லி
ஒரு கேரட் தோட்டத்துக்குக் கீழே இருந்த
ஊற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.
நிலச்சரிவு நடந்த வருடத்தை
அவர் தவறாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.
யாரும் திருத்தவில்லை.
பார்த்துச் சொல்ல வழியில்லை.

மூன்றாவது வரிசையில், சன்னல் ஓரம்,
ஒரு தலை மட்டும் கவிழ்ந்தே இருந்தது.
எனக்குச் சுருக்கென்றது.
இணையம் இல்லாமலும்
எதைத் தடவிக்கொண்டிருக்கிறாள்?
தண்ணீர் பாட்டில் கொடுக்கிற சாக்கில்
பக்கத்தில் போய் நின்றேன்.

திரையில் தமிழ் எழுத்துகள்.
மேடையில் சொன்னது அப்படியே,
நாலைந்து பிழைகளோடு:
"ஊற்றின் கண்ணை முதலில்
அடைத்தது மண் அல்ல அது"
அதற்குமேல் இல்லை.
ஒரு சின்ன வட்டம்
சுழன்றுகொண்டே இருந்தது.

ஜொவிட்டா, மழைமானிப் பதிவாளர், தேவர்சோலை
என்றது கழுத்தில் தொங்கிய அட்டை.
கூந்தலில் பாதி மறைந்து
காதுக்குப் பின்னால் ஒரு கருவி.
நிமிர்ந்து பார்த்தாள்.
கோபமெல்லாம் இல்லை.
வட்டத்தை விரலால் தொட்டு,
மேடையைக் காட்டி,
கையை விரித்தாள்.
எதுதான் அடைத்ததாம்?

எனக்கும் தெரியவில்லை.
அந்த நேரம் நான்
அவளை முறைத்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.

பின்பக்கம் ஓடினேன்.
"ஒருத்தருக்கு மட்டும்" என்றேன்.
சிவநஞ்சன் எதுவும் கேட்காமல்
கடவுச்சொல்லை மாற்றி
என் உள்ளங்கையில் எழுதிக் கொடுத்தான்:
அவன் எருமையின் பெயர்,
கடைசியில் ஒரு ஏழு.

வட்டம் நின்றது. எழுத்துகள் வந்தன.
நடுவில் ஒரு வாக்கியம்
என்றைக்குமாகப் போய்விட்டிருந்தது.

தேநீர் இடைவேளைக்குள்
அறுபது பேருக்கும்
அந்த எருமையின் பெயர் தெரிந்திருந்தது.
எதிர்த்து வாக்களித்தவர்
வர்க்கியைத் தேநீரில் தோய்த்தபடி
எழுத்துக்கூட்டி என்னிடமே சரிபார்த்தார்:
சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?

வரிசையில் நின்ற குமுதவல்லியிடம் கேட்டேன்.
"அதுவா? சிமென்ட்" என்றார்.
"ஊற்றைக் காப்பாத்தணும்னு
சுத்தித் தொட்டி கட்டினோம்.
நாங்கதான்."
காகிதக் குவளையைக் கிழித்து
அதில் எழுதி ஜொவிட்டாவிடம் நீட்டினேன்.
படித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள்.
என் பேனாவை வாங்கிக் கீழே எழுதினாள்:
எங்கள் ஊரிலும்.

மூன்றாம் அமர்வுக்கு என்ன செய்ய
என்று சிவநஞ்சன் கேட்டான்.
நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.
பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.
யார் கேட்கிறார்கள்,
யார் மலையிறங்கிப் போய்விட்டார்கள்
என்று கடைசி வரிசையில் இருந்து
வகிடுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.