இருபது கிலோ

கத்தி வேண்டாம் என்றார்கள்
ஈசாஃபியோர்துர் ஆஸ்பத்திரியில்.
இடுப்பெலும்பு வளையம் இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது,
ஆனால் விலகவில்லை; தானே கூடும்.
படகுத்துறைப் பனிக்கட்டி
என்னை உட்காரவைத்த விதத்துக்கு
இது சலுகைதான்.

மூன்று வாரம் கூரையைப் படித்தேன்.
புரண்டு படுக்க இரண்டு பேர்,
தும்மல் வந்தால் அணைத்துக்கொள்ள ஒரு தலையணை,
ரத்தம் உறையாதிருக்க
வயிற்றில் தினம் ஓர் ஊசி.
ஜன்னலில் கடல்
மதியம் மூன்றுக்கே அணைந்துவிடும்.

நான்காம் வாரம் யோருன் வந்தாள்,
கையில் குளியலறைத் தராசு.
"இடக்காலில் இருபது கிலோ மட்டும்.
மிச்சத்தைக் கைகளுக்குக் கொடு."

வாக்கரைப் பிடித்து மிதித்தேன்: முப்பத்தொன்று.
மறுபடி: ஒன்பது.
மறுபடி: நாற்பது, கூடவே ஒரு வசைச்சொல்.

பத்தொன்பது வருடம்
மீன் ஆலையில் பெட்டி தூக்கியவள் நான்.
காட் மீன் நிரம்பினால் பெட்டி இருபது கிலோ;
ஒரு வால் கூடினாலும்
இருட்டில் கை சொல்லிவிடும்.

கண்ணை மூடினேன்.
பெட்டியைக் கையிலிருந்து தோளுக்கு,
தோளிலிருந்து இடுப்புக்கு,
அங்கே கொஞ்சம் தயங்கி,
பாதத்துக்கு இறக்கினேன்.

யோருன் குனிந்து பார்த்தாள்.
பாராட்டவில்லை.
தராசைக் காலால் சுவரோரம் தள்ளி,
"கதவு வரை" என்றாள்.

கதவுக்கு இடக்கால் ஏழு முறை.
ஏழு பெட்டி.
நாலாவதில் நின்று
எலும்பிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.
அதற்கு வேலை இருந்தது,
பேசவில்லை.

திரும்பி வரவும் ஏழு என்பதை
யாரும் முன்பே சொல்லவில்லை.