நே, ஓஹி

எங்கள் மொழியில் ஆமாம் என்றால் நே.
இல்லை என்றால் ஓஹி.
திருமதி ஹாலிடேயிடம்
இதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

"களைப்பாக இருக்கிறதா, மின்னி?"
(அசிமினா அவள் வாயில் நுழையாமல்
முதல் வாரமே மின்னி ஆகிவிட்டாள்.)
நே, என்றேன்.
இல்லையா, நல்லது,
மாடி ஜன்னல்களையும் துடைத்துவிடு.
"ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள். இருப்பாய்தானே?"
ஓஹி, என்றேன்.
அவள் காதில் அது ஓகே.

மான்ட்ரியால், ஐம்பத்தாறு, பிப்ரவரி.
துடைத்த ஜன்னலில்
துணியோடு ஒட்டிக்கொண்டது தண்ணீர்.

ஒப்பந்தம் ஓராண்டுக்கு.
ஏதென்ஸில் மின்சாரத் துடைப்பான் ஓட்டப்
பயிற்சி கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.
என் வீட்டில் அப்போது மின்சாரமே கிடையாது.
ஹாலிஃபாக்ஸிலிருந்து ரயிலில்
வெள்ளை ரொட்டி தந்தார்கள்.
நாற்பது பெண்கள்
அதைக் கசக்கி உருட்டி
ஒருத்தி மேல் ஒருத்தி எறிந்து சிரித்தோம்.
மறுநாள்
யாரும் எறியவில்லை.

ஆண்டு முடிந்ததும்
பார்க் அவென்யூவில் ஒரு ரோமக் கடை.
செத்த நீர்நாய்களின் மயிர்
மூக்கில், காபியில், முத்தத்தில்.
லெயாண்ட்ரோஸ் பக்கத்து மேசையில் வெட்டினான்,
நான் தைத்தேன்.
கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் விடுப்பு.
பிறகு தவணையில் ஓர் அடுப்பு,
தபால்பெட்டியில் எங்கள் பெயர்,
ஓர் எழுத்து தப்பாக.

சொன்ன ஓஹிகளில்
ஒன்றே ஒன்றுதான்
சொன்னபடி கேட்கப்பட்டது.
அது கடல் தாண்டும் முன்.
யோவானினா காவல் நிலையம்.
நற்சான்றிதழ் இல்லாமல் கடவுச்சீட்டு இல்லை.
"மலைக்குப் போன தம்பி எவனாவது உண்டா?"
தாடையை உயர்த்தி,
புருவம் தூக்கி,
நாக்கால் ஓர் உச்சுக் கொட்டினேன்.
போதாதோ என்று வாயாலும் சொன்னேன்.

முத்திரை விழுந்தது.
லாம்ப்ரோஸுக்கு அப்போது என்ன வயது என்று
கணக்குப் பார்த்துக்கொண்டே
மை உலரக் காத்திருந்தேன்.
கணக்கு வரவில்லை.
அவன் காதுகள்தான் வந்தன,
இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு.

லெயாண்ட்ரோஸுக்குக்கூடத் தெரியாது.
பொய் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை.

அறுபத்தைந்தில்
செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து கடிதம்.
போனேன்.
கண்ணாடி போட்ட ஒரு பெண்,
ஒரு படிவம், இரண்டு கட்டங்கள்.
தாஷ்கண்டில் ஒருவர், என்றாள்,
பற்றவைப்புத் தொழிலாளி,
உங்களைத் தேடுகிறார்.
"உங்களுக்குத் தம்பி இருக்கிறாரா?"

ஒன்பது வருஷம்.
மளிகைக்கடையில் பேரம் பேச,
முதலாளியிடம் பாக்கிக் கூலி கேட்க,
பிரசவ அறையில் திட்ட
எனக்கு ஆங்கிலம் இருந்தது.
அன்று அது
மேலங்கியோடு வெளியே
ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது போல.

நே, என்றேன்.

அவள் தலையசைத்தாள், வருத்தமாக.
பேனா
இரண்டாவது கட்டத்துக்கு நகர்ந்தது.

மேசை தாண்டி எட்டி
அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.